உள்ளங்கை மேல் ஒரு டாங்கி

யப்பான் தேசத்திலே, தோக்கியோ மாநகருக்குத் தென்மேற்கே ஷிசுவோக்கா என்றொரு நகர் உண்டு. அதிவேகப் புகையிரதத்திலே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். வானம் தெளிந்திருக்கும் நாளிலே பூஜி மலையின் வெண்முடி. தேயிலையால் அந்நகர் பெற்ற புகழ் ஒன்று. சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மாதிரிகளாற் பெற்ற புகழ் மற்றொன்று. யப்பானிலே தயாராகும் அத்தகைய மாதிரிகளுட் பெரும்பகுதி இங்கிருந்துதான் புறப்படுகின்றது.

2024ஆம் ஆண்டு மே மாதத்திலே, அங்கு தொழில் புரியும் எம் இளவலைக் காண நாம் சென்றிருந்தோம். புறப்படும் வேளையிலே பன்னிரண்டு வயதான எம் மகன் எம்மிடம் வேண்டியது ஒன்றே. "அப்பா, எனக்கு ஒரு டாங்கி வாங்கிக்கொண்டு வாங்கோ." பாகம் பாகமாகப் பொருத்தி வர்ணந் தீட்டும் மாதிரி டாங்கி ஒன்றை அவன் நண்பன் வீட்டிலே கண்டிருந்தான். அருகிலிருந்த எம் அன்னையாரின் முகம் மாறிற்று. "வேற என்னவும் வாங்கிக் குடு. அது மட்டும் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவிலே, எம்மைக் கையிற் பற்றி நடத்திச் சென்றவர் அவர். யார் சொல்லைக் கேட்பதென்று தெளியாமலே நாம் விமானம் ஏறினோம்.

ஷிசுவோக்கா நகரிலே ஒரு விந்தை காத்திருந்தது. உண்மையான தபாற்பெட்டி ஒன்று, மாதிரிப் பெட்டிக்குள் வரும் பாகங்களைப்போலப் பெரியதொரு சட்டத்துடன் இணைந்து நிற்கின்றது! நகரின் தொழிலுக்கு நகரே எடுத்த சிலை அது.

இத்தொழில் அங்கு வேரூன்றியது எவ்வாறு? தொகுகாவா ஆட்சிக்காலத்திலே செங்கென் ஆலயத் திருப்பணிக்காகப் பல திசைகளிலிருந்தும் தச்சரும் அரக்கு வேலைக்காரரும் இங்கு வந்தனர். வந்தவருட் பலர் இங்கேயே குடியேறினர். அம்மரபிலே மரவேலை செழித்தது. 1946இல் மரம் அரியும் ஆலையாகத் தோன்றிய தமியா நிறுவனமும் முதலில் மர மாதிரிகளையே செய்தது. 1951இல் அதன் மரக்குவியலைத் தீ தின்றது. பின்னர் அந்நிறுவனம் மாதிரிகளையே முழுத் தொழிலாகக் கொண்டு, பிளாஸ்டிக்கின் பக்கம் திரும்பிற்று. 1962இல் வெளிவந்த அதன் 'பாந்தர்' டாங்கி பெரும் வெற்றி பெற்றது. இன்று உலகெங்கும் வழங்கும் 35இல் ஒரு பங்கு என்ற அளவு அவ்வேளையிற் பிறந்ததே. கணித நுட்பம் எதுவுமன்று. மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் உள்ளே அடங்க வேண்டுமென்று உடலை அமைத்தார்கள். அளந்து பார்த்தபோது 35இல் ஒரு பங்கு வந்தது!

ஆண்டுதோறும் மே மாதத்திலே அந்நகரில் மாதிரிக் கண்காட்சி நடைபெறும். நாடெங்குமுள்ள மாதிரிக் கழகத்தினர் தாம் செய்தவற்றை மேசைகளிலே பரப்பி வைப்பர். அங்கேதான் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் முன்னே அமெரிக்க 'ஷேர்மன்' டாங்கிகள் இரண்டு இருந்தன. ஒன்று வர்ணம் காணாதது, மற்றது முற்றுப்பெற்றது. நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. எம் இளவல் மொழிபெயர்க்க, அவர் செய்முறையை விளக்கினார்.

சட்டத்திலிருந்து பாகத்தைக் கையாற் பிய்த்தல் ஆகாது. குறட்டினாற் சற்றுத் தள்ளி நறுக்கி, எஞ்சிய முனையைக் கத்தியாற் சீவி, மணற்கடதாசியினால் தேய்க்க வேண்டும். ஒட்டும் திரவம் வெறும் பசையன்று. பிளாஸ்டிக்கையே உருக்கி இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுவது. இணைப்பின் ஓரத்திலே தூரிகை நுனியால் ஒரு துளி தொட்டால் தானாகவே இடுக்கினுள் ஓடிப் பரவுகின்றது. அத்திரவத்தையே கோபுரத்தின் மேலே தடவி, முரட்டுத் தூரிகையாற் குத்திக் குத்தி எடுத்தால், வார்ப்புருக்கின் சொரசொரப்பு வந்துவிடுகின்றது. எஞ்சிய சட்டத்தையும் அவர் எறிவதில்லை. மெழுகுதிரிச் சுடரின் மேலே காட்டி, இளகியதும் இழுத்தால் மயிரிழைபோல நீளும்; அது வானொலிக் கம்பியாகின்றது.

வர்ணத்திலே அவர் சொன்னது எமக்குப் புதுமை. சிறிய பொருளிலே நிழல் போதிய அளவு விழாது. ஆகவே நிழலையும் கையாலே தீட்ட வேண்டும். முதலிற் கருமை சேர்ந்த அடிப்பூச்சு; அதன்மேல் இராணுவப் பச்சை; பலகை நடுவே சற்று வெளுத்த பச்சை. காய்ந்தபின், நீர்த்த கபில வர்ணத்தை ஆணித் தலைகளின் அடியிலும் மூலைகளிலும் ஓடவிட வேண்டும். பின்பு, துடைத்து உலர்ந்த தூரிகையினால் விளிம்புகளைத் தொட்டும் தொடாமலும் வருடினால், தேய்ந்த இரும்பு தெரிகின்றது. "வீரர் ஏறி இறங்கும் இடம் எதுவோ அங்கேதான் வர்ணம் தேயும். எங்கும் தேய்ப்பவன் டாங்கியைப் பாராதவன்" என்றார்.

முற்றுப்பெற்ற டாங்கியின் இரு பக்கத்திலும் மெல்லிய மரப்பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. மூடிகளின் மேலே கம்பிக் கூடுகள். அழகுக்காகவா என்று வினவினோம். தச்சர் தலையசைத்தார். 1945இல் இவோ ஜிமாத் தீவிலே அமெரிக்க வீரர் தம் டாங்கிகளை இவ்வாறுதான் மாற்றினர். யப்பானிய வீரர் காந்தக் கண்ணிகளைக் கையிலேந்தி ஓடிவந்து இரும்பிலே ஒட்டிவிடுவர். மரத்திலே காந்தம் ஒட்டாது.

"பகைவனின் டாங்கி என்றுதான் செய்யத் தொடங்கினேன். இந்தப் பலகைகளைச் சீவும்போதே எண்ணிப் பார்த்தேன். உள்ளே ஐந்து பேர். அவர்களுடைய பயந்தான் இந்தப் பலகை. வெளியே கண்ணியோடு ஓடி வந்தவன் என் நாட்டுப் பையன். அவனுக்கும் பயம் இருந்திருக்கும்" என்றார் அவர். சிறிது நேரம் எமக்கு வார்த்தை எழவில்லை. அவரே தொடர்ந்து, "செங்கென் ஆலயத்தின் பின்னாலுள்ள குன்றிலே ஏறிப் பாருங்கள்" என்று கூறி விடைகொடுத்தார்.

மறுநாள் ஷிசுஹத்தாக் குன்றிலே ஏறினோம். 1945 யூன் 19ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியுமுன், அமெரிக்க விமானங்கள் இந்நகரை எரித்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் மாண்டனர். அத்தாக்குதலிலே விமானங்கள் இரண்டு வானில் மோதி வீழ்ந்தன. 23 விமானிகள் இறந்தனர். இத்தோ புக்குமாத்சு என்ற நகரவாசி, தம் ஊரவரோடு சேர்த்து அவ்விமானிகளையும் அடக்கஞ் செய்தார். நகர மக்களுக்கும் அவ்விமானிகளுக்கும் எழுப்பிய நினைவுச் சின்னங்கள் குன்றின் உச்சியிலே அருகருகே நிற்கின்றன. 1942 ஏப்ரிலிலே கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு பொழிந்தவை யப்பானிய விமானங்கள் என்பதும் அவ்விடத்திலே எம் நினைவுக்கு வந்தது. கீழே இறங்கி, கடையொன்றிலே ஷேர்மன் பெட்டி ஒன்றை வாங்கினோம்.

ஊர் திரும்பியதும் அன்னையாரிடம் பலகைகளையும் குன்றையும் பற்றிச் சொன்னோம். அவர் ஒன்றும் கூறவில்லை, தடுக்கவும் இல்லை. மாலை வேளைகளிலே மகனும் நாமும் மேசையில் அமர்ந்தோம். மனிதனின் உயரம் 35இல் ஒரு பங்கானால் எத்தனை என்று அவனையே கணக்கிடச் செய்தோம். "அஞ்சு சென்ரிமீற்றர்" என்றவன், தன் சின்னவிரலைக் கோபுரத்துள் விட்டுப் பார்த்து, "உள்ளுக்குள்ள இடமே இல்லையே அப்பா" என்றான். முதல் நாள் அவன் வாயாலே எழுப்பிய பீரங்கி ஓசை அதன்பின் கேட்கவில்லை. ஏழு வாரத்திலே வேலை முற்றுப்பெறும் தறுவாய்க்கு வந்தது.

சில்லுச் சங்கிலியிலே சேறு பூச வேண்டியிருந்தது. உலர்ந்த மண்ணை அரித்துப் பசையிலே குழைத்தல் வேண்டும் என்று மகன் சொன்னதைத் திண்ணையிலிருந்து கேட்ட அன்னையார், பழைய அரிதட்டை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினார். எம்மூர்ச் செம்மண்ணை மாப்போல அரித்து ஒரு சிரட்டையிலே கொண்டுவந்து வைத்தார். பிறகு டாங்கியை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். இறுதியாக ஒட்ட வேண்டியவை கோபுரத்து மூடிகள். மூடியபடியும் ஒட்டலாம்; திறந்தபடியும் ஒட்டலாம். எப்படி ஒட்டுவதென்று மகன் எம்மைக் கேட்டான். விடை சொன்னவர் அவனுடைய அப்பாச்சி.

"திறந்தே ஒட்டடா மோனே. உள்ளுக்க இருக்கிற பொடியள் வெளியில வரட்டும்."

அவ்வாறே ஒட்டினான். டாங்கி இப்பொழுது எம் புத்தக அலுமாரியின் மேற்தட்டிலே இருக்கின்றது.