தண்ணீருக்கு வழி விடுங்கள்!

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஏழு தலைமுறையை விசாரிக்கிறோம். பட்டுப் புடவை வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, முந்தானையை வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிறோம். ஆனால் வீடு கட்டப் போகிற நிலத்தைத் திருத்த ஆள் பிடிக்கும்போது மட்டும், "நாளைக்கே வண்டி வருமா?" என்ற ஒரே கேள்வியோடு விஷயத்தை முடித்து விடுகிறோம்! வெட்டிய மண்ணை மறுபடி பழையபடி ஒட்டவைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது என்பதை யோசித்துப் பார்க்கிறோமா, சகோதரிகளே?

இந்த ஞானம் எனக்குக் குலசேகரத்தில் கிடைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறை அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். ரப்பர் மரங்களும் செம்மண் மேடுகளுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த பூமி. ஆகையால் பெரியவர்கள் இன்னும் இடவப்பாதி மழை, துலா மழை என்றுதான் சொல்வார்கள். தென்மேற்குப் பருவம் ஒரு தடவை, வடகிழக்குப் பருவம் ஒரு தடவை என்று வருஷத்தில் இருமுறை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அங்கே சரிவான நிலத்தில் வீடு கட்டுவது என்றால் விளையாட்டல்ல.

என் அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுப் பணத்தில் அங்கே பத்து சென்ட் வாங்கியிருந்தாள். தெரு மேலே; நிலம் பின்னால் போகப் போக ஏழடி இறங்குகிறது. கிழக்கு ஓரமாக ஒரு சிறு ஓடை. பின்எல்லையை ஒட்டிக் கீழே ஒரு வீடும் கிணறும். அந்த வீட்டுக்காரி, அத்தையோடு இருபது வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள்.

முதலில் வந்த கான்டிராக்டர் தெருவிலேயே நின்று பார்த்தார். "முன்னால உள்ள மண்ணை வெட்டிப் பின்னால தள்ளி, ரெண்டு நாளுல மட்டமாக்கித் தாறேன் டீச்சர். அந்த ஓடையையும் மூடிட்டா அரை சென்ட் லாபம்லா?" என்றார். அவர் சொன்ன தொகையும் அத்தையின் கைக்கு அடக்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவதாக வந்தவர் வயதானவர். செருப்பைக் கழற்றிவிட்டு நிலம் முழுக்க நடந்தார். பிறகு கேட்டார்: "மழை பெய்தா வெள்ளம் இப்பம் எது வழியாட்டுப் போவுது, டீச்சர்?"

எவ்வளவு எளிய கேள்வி! ஆனால் நிலம் திருத்துகிற வித்தை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களைப் பாருங்கள். சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டித் தண்ணீரின் வேகத்தைத் தணித்திருப்பார்கள். சற்றுத் தூரத்தில் மாத்தூர்த் தொட்டிப் பாலம் இருக்கிறது. 1960-களில் கட்டியது. 115 அடி உயரத்தில், ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குக் கால்வாய் நீரை எந்த இயந்திரமும் இல்லாமல் கொண்டு போகிறது. இம்மியளவு சரிவு கொடுத்தால் போதும், தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்கும். வழியை அடைத்தாலோ, சுவரைத் தள்ளிக்கொண்டு போகும்!

பெரியவர் சொன்ன திட்டம் இது. மேல் தட்டில், வெட்டிய கெட்டி மண்ணின் மேலேயே வீடு. பாதி வெட்டிய மண்ணிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் வீட்டை உட்கார வைத்தால், நிரப்பிய பக்கம் தாழ்ந்து சுவர் விரிசல் விடும் என்றார். கீழ்த் தட்டு தோட்டத்துக்கு. இரண்டுக்கும் நடுவே கல் வைத்துக் கையாலை. அதில் நீர் கசிந்து வெளியேற ஓட்டைகள். நிரப்புகிற மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நீர் தெளித்து இறுக்க வேண்டும். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்கு ஆறு அங்குலம் வெளிப்புறச் சரிவு. ஓடையைத் தொடவே கூடாது.

ஆனால் கூலியும் கல்லுமாகச் செலவு ஏறிவிட்டது. அதைச் சரிக்கட்ட வீட்டில் ஓர் அறையைக் குறைக்க வேண்டும். பேரப் பிள்ளைகள் வந்தால் படுப்பதற்கென்று அவள் ஆசையாகப் போட்டிருந்த அறை. அன்று இரவு அத்தை தூங்கவில்லை. காலையில் சொன்னாள்: "இருவது வருசம் ஒரே பாத்திரத்துல சோறு பங்கிட்டுத் தின்னுருக்கோம். அவ கிணத்துல எனக்க மண்ணு போய் விழப்பிடாது. பிள்ளைகள் திண்ணையில படுக்கட்டும்."

இனி, உங்களுக்கும் உதவுகிற சில கணக்குகள்.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்து சென்டில் ஓர் அடி ஆழம் வெட்டினால் 4,356 கன அடி. அதாவது ஏறக்குறைய நாற்பத்து நாலு யூனிட். வெட்டிய மண் பொலபொலத்துக் கால் பங்கு பெருகும் என்று வைத்துக்கொண்டால் ஐம்பத்து நாலு யூனிட். மூன்று யூனிட் பிடிக்கிற டிப்பரில் பதினெட்டு லோடு! இந்த மண் யாருக்குச் சொந்தம், எங்கே போகிறது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். வெளியே கொண்டுபோகக் கனிமவளத் துறையின் அனுமதி வேண்டும். மலையோர ஊர்களில் நிலத்தை வெட்டுவதற்கே தனிக் கட்டுப்பாடுகள் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மணிக் கணக்கு வாடகையானால், இயந்திரத்தில் உள்ள மீட்டரைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி வந்து போகிற நேரம், டிரைவர் பேட்டா ஆகியவை யார் தலையில் என்று எழுதி வாங்குங்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவிக்கச் சொல்லுங்கள். தோட்டத்துக்கு அதுதான் உயிர். அவர் முன்பு திருத்திய நிலம் ஒன்றை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள்.

ஜே.சி.பி. என்று நாம் சொல்கிற மூன்றெழுத்தும், 1945-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயர்தான். அவர் பெயரைத் தாங்கிய இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஒரு மேட்டையே கரைத்துவிடும். ஆனால் எங்கே வெட்டக் கூடாது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவருக்குக் கொடுக்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள்!

அத்தையின் வீட்டில் அறை ஒன்று குறைவுதான். ஆனால் துலா மழை கொட்டுகிற இரவில் கீழ் வீட்டுக்காரியும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.