எட்டரை மணி பஸ்

திருவண்ணாமலையில் ஒரு பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் கெஞ்ச, ஒரு சின்ன மேடை முன்னால் உட்கார்ந்தோம். மேடையில் கிடாரோடு அக்கா பையன். அவன் வாசிப்பை முதன்முதலாகக் கேட்க வந்திருந்தார் அத்தான். வந்ததோ தகரம் சுரண்டுகிற சத்தம்!

இடைவேளையில் விசாரித்தால், ஆம்ப்ளிஃபயர் போல நடிக்கும் 'ஆம்ப் மாடலிங்' பெடல். 1998-ல் வந்த 'லைன் 6 பாட்' பிரபலமாக்கிய வித்தை. வீட்டில் நிஜ ஆம்ப்ளிஃபயரில் செருகுவதால் 'கேபினெட் சிமுலேஷனை' அணைத்து வைத்திருந்தான். நேரே மிக்ஸருக்குக் கொடுத்தால், ஸ்பீக்கர் பெட்டி போல நடிக்கும் அந்த வசதி வேண்டும். இல்லாவிட்டால் காது கிழியும். அதைப் போட்டு, கெயினைக் குறைத்து, மாஸ்டர் வால்யூமை ஏற்றினான். தந்தி, மணி மாதிரி ஒலித்தது.

உங்கள் வீட்டிலும் கிடார் பையன் இருந்தால், திட்டுவதற்கு முன் இதை விசாரியுங்கள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. எட்டரை மணி பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டார்.