ஒன்பது மணிக்கு மூடும் காடு

கூடாரம் வந்து இறங்கிய அன்றே வீட்டில் தகராறு ஆரம்பித்தது. நான்கு பேர் படுக்கலாம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில், மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் அந்த வீட்டின் ஹாலில் அதை விரித்தபோது சோபாவை வாசல்வரை தள்ள வேண்டியிருந்தது. பத்து வயதுப் பேரனும் ஏழு வயதுப் பேத்தியும் அன்றிரவு அதற்குள்ளேயே தூங்கினார்கள். "கட்டில் இருக்கும்போது எதுக்கு இந்தக் கோணிப்பை?" என்பது 74 வயதுத் தாத்தாவின் கேள்வி.

கேள்விக்கு மகனிடம் பதில் தயாராக இருந்தது. கோடை விடுமுறையில் காரிலேயே பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டி. நடுவில் ஓர் இரவு காட்டுக்குள் கூடாரம். வெளிநாட்டுக் குடும்பங்கள் இப்படித்தான் போகின்றன என்று அவர் படங்களில் பார்த்திருந்தார்.

திட்டத்தில் பாதி, புறப்படும் முன்பே கவிழ்ந்தது. அமெரிக்காவில் 1872இல் உருவான யெல்லோஸ்டோன்தான் உலகின் முதல் தேசியப் பூங்கா. அதற்குள் 12 முகாம் தளங்கள் இருக்கின்றன. பணம் கட்டிக் கூடாரம் போடலாம். ஆனால் பந்திப்பூரும் முதுமலையும் புலிகள் காப்பகங்கள். யானைகள் கூட்டமாக நடமாடும் காடு. கோடையில் ஒரு தீப்பொறி போதும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்கவே முடியாது. தங்க வேண்டுமென்றால் விடுதிதான். தெப்பக்காட்டில் ஓர் அறை கிடைத்தது. நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதம் முதல் கட்டாயமாகிவிட்ட இ-பாஸும் கிடைத்தது. கூடாரத்தை விட்டுவிட்டு வரப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. அதுவும் டிக்கியில் ஏறியது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. மகனுக்கு ஆபீஸிலிருந்து போன் மேல் போன். வண்டி தெருவைத் தாண்டியபோது மதியம் இரண்டு. மைசூர் வரை 2023இல் திறந்த புதிய சாலையில் வண்டி பறந்தது. மைசூரில் பிள்ளைகளுக்கு அரண்மனை பார்க்க வேண்டும். நஞ்சன்கூடு தாண்டியதும் டயர் பஞ்சர். மருமகள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை சாலையோரத்திலேயே தீர்ந்தது. குண்டுலுபேட்டையைக் கடந்து மேலுகாமனஹள்ளி சோதனைச்சாவடியை அடைந்தபோது மணி ஒன்பது பத்து. கேட் மூடியிருந்தது.

பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிகள் போகக்கூடாது. 2009இல் வந்த தடை இது. மறு வருடம் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆம்புலன்ஸுக்கும் குறிப்பிட்ட சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. மகன் இறங்கிப்போய் வாதாடினார். அறைக்குப் பணம் கட்டியாயிற்று, வயதானவர் இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள். காவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்றார்.

"பத்து நிமிஷம்! அதுக்குள்ள காடு என்ன குடிமுழுகிடப் போகுது?" மகன் கதவை அறைந்து சாத்தினார்.

பின் சீட்டிலிருந்து தாத்தா சொன்னார்: "வண்டியைத் திருப்புடா."

சனிக்கிழமை, மே மாதம். குண்டுலுபேட்டையில் அவர்கள் ஏறி இறங்கிய லாட்ஜ்களில் அறை இல்லை. கடைசியில், சாப்பிடப்போன மெஸ்ஸின் உரிமையாளர் தன் மொட்டை மாடியைக் காட்டினார். ஆக, காட்டுக்காக வாங்கிய கூடாரம் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே நின்றது. பிள்ளைகளுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள்.

தாத்தா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தச் சாலை புதிதல்ல. 22 வருடம் லாரி ஓட்டியவர். ஊட்டியில் சாயங்காலம் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றினால், விடிவதற்குள் பெங்களூர் கலாசிபாளையம் மண்டியில் இறக்க வேண்டும். தாமதமானால் விலை போகாது, வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். இரவில்தான் ஓட்டம். அந்த வருமானத்தில்தான் லிங்கராஜபுரத்து மனை வாங்கியதும், மகன் இன்ஜினீயரிங் படித்ததும்.

"குடிமுழுகிடுமான்னு கேட்டியே," என்று அவராகவே ஆரம்பித்தார். "93ன்னு நினைக்கிறேன். பந்திப்பூர் தாண்டி ஒரு திருப்பம். லைட் வெளிச்சத்துல புள்ளிமான் ஒண்ணு அப்படியே நின்னுடுச்சு. அதுங்க ஓடாதுடா, வெளிச்சம் கண்ணுல அடிச்சா உறைஞ்சு போயிடும். லோடு வண்டி. பிரேக் போட்டா கவிழ்ந்திருக்கும். நான் போடலை."

மகன் பேசவில்லை.

"கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தினேன். க்ளீனர் பையன் டார்ச் அடிச்சான். குட்டி ஒண்ணு பக்கத்துல நிக்குது. போகவே மாட்டேங்குது. மண்டிக்கு நேரமாகுதுன்னு வண்டியை எடுத்துட்டேன். உங்கம்மாகிட்டகூட இதைச் சொன்னதில்லை."

கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்த மருமகள்தான் கேட்டார்: "அப்புறம் அந்த வழியா போகலையா மாமா?"

"போகாம? வாரத்துக்கு மூணு நடை. வேற என்ன பண்றது?"

காலை ஐந்தரைக்கே சோதனைச்சாவடியில் நீண்ட வரிசை. தக்காளி வண்டிகள், சுற்றுலா வேன்கள், மோட்டார் சைக்கிள்கள். ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் ஆளாளுக்கு ஹாரன் அடித்தார்கள். மகன் அடிக்கவில்லை. வேகத்தடைகளில் கார் ஏறி இறங்கியது. சாலையோரப் புல்லில் மான்கள் வண்டிகளைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் யானை ஒன்று, இரண்டு குட்டிகளை நடுவில் விட்டுச் சாலையைக் கடந்தது. பேத்தி ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எண்ணினாள்.

பந்திப்பூர் தாண்டியதும் தாத்தா முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு திருப்பம் வந்தது.

"இங்கேயாப்பா?"

"இதுவா அடுத்ததான்னு தெரியலை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது என்பது விதி. மகன் வேகத்தை மட்டும் குறைத்தார். பின்னால் வந்த வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனார். இரண்டு திருப்பங்கள் அப்படியே மெதுவாகப் போன பிறகு தாத்தா பின்னால் சாய்ந்துகொண்டார். "போதும், போ" என்றார்.

கக்கநல்லா வந்தது, தமிழ்நாடு ஆரம்பித்தது. தெப்பக்காட்டில், ஓர் இரவு வாடகை வீணான அறையில் எல்லோரும் முகம் கழுவினார்கள். யானை முகாமில் பிள்ளைகள் குதித்தார்கள். இங்கே வளர்ந்த குட்டிகளைப் பற்றிய படத்துக்குத்தான் 2023இல் ஆஸ்கர் கிடைத்தது என்று பேரன் தாத்தாவுக்கு விளக்கினான். ஊட்டியில் ஒரு நாள் குளிரில் சுற்றினார்கள்.

திரும்பும் அன்று பொட்டானிக்கல் கார்டனில் பிள்ளைகள் இன்னும் ஒரு மணி நேரம் கேட்டார்கள். மகனும் சரி என்றார். தாத்தா மட்டும் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அப்போது மணி மதியம் இரண்டுதான். காட்டைத் தாண்ட இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

"கிளம்பலாம்டா," என்றார். "ஒன்பதுன்னா ஒன்பதுதான்."