கிழங்கைத் தொட்டுப் பார்

சிவகிரியில் மலை கண்ணெதிரே நிற்கிறது. ஆனாலும் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் கேரளப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும்; ஆனி, ஆடியில் எங்களுக்கு வருவது காற்றுதான். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அண்ணாச்சி ஒருவரிடம் அடீனியம் வளர்ப்பு பழகப் போனேன். அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்தக் கணக்கைத்தான். ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி இது. எங்கள் வெயிலும் காற்றும் இதற்கு ஒத்துப்போகும். ஐப்பசி அடைமழையில் மட்டும் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் இழுத்துவிட வேண்டும்.

“எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தணும்னு கேக்காதலே. கிழங்கைத் தொட்டுப் பாரு” என்பார். கிழங்காகப் பருத்த அடித்தண்டு கல்லுப்போல இருந்தால் தண்ணீர் வேண்டாம். மண் காய்ந்து, கிழங்கும் லேசாக அமுங்கினால் தாகம். மண் ஈரமாக இருந்தும் அமுங்கினால் அழுகல். அன்றைக்கே பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும்வரை சீவி, பூஞ்சாணக்கொல்லிப் பொடி தடவி, ஒரு வாரம் நிழலில் காயவைத்துத்தான் திரும்ப நட வேண்டும். பாதிச் செடி தப்பினாலும் லாபம். ஒரே மெத்தென்ற தன்மைக்கு இரண்டு பொருள் இருப்பதை என் விரல் பிரித்தறியத் தொடங்கியபோதுதான் இந்த வேலை பிடிபட்டது என்று நினைக்கிறேன். அழுகலைத் தடுப்பது மண்கலவை: சல்லடையில் நின்ற பெருமணல், உடைத்த செங்கல், கொஞ்சம் நார்க்கழிவு, தொழுவுரம், ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு. ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் ஒழுகிவிட வேண்டும்.

குச்சி நட்டாலும் வேர் பிடிக்கும். ஆனால் விதைச்செடிபோல் கிழங்கு பருக்காது. விதைச்செடியிலோ தாய்ச்செடியின் பூ அப்படியே வரும் என்று நம்ப முடியாது. அதனால்தான் ஒட்டு. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த பிளேடால் விதைச்செடியின் தண்டை வெட்டி, நடுவில் பிளக்க வேண்டும். பால் வழியும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஆப்புபோல் சீவிய அடுக்குப்பூக் குச்சியைப் பட்டையோடு பட்டை சேரும்படி செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே கவரை மாட்டி நிழலில் வைப்போம். துளிர் வந்த பிறகு ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அவை மேலே ஏறிவிடும். அரளிக் குடும்பம் என்பதால் பாலில் விஷம் உண்டு. ஆப்பிரிக்காவில் அம்புமுனைக்கே தடவியிருக்கிறார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடவே கூடாது.

காய் மாட்டுக்கொம்புபோல் இரட்டையாக வளரும். விதையின் இரு முனையிலும் பட்டுக்குஞ்சம் இருப்பதால், ஆடிக்காற்றில் காய் வெடித்தால் ஒன்றுகூடக் கையில் கிடைக்காது. நிறம் மாறுமுன்பே நூலால் வரிந்து கட்டிவிடுவோம். புது விதை ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஒரே காயின் நாற்றுகளிலும் நிறம் பலவிதமாக வரும் என்பதால், எல்லாம் பூக்கும்வரை காத்திருந்து, நல்ல பூவை அடுத்த ஒட்டுக்குச்சிக்கென்று ஒதுக்கிவைக்கிறோம்.