சட்டி சுமந்த கை கரண்டி பிடிச்சது

எங்க வீட்ல இப்போ சிமெண்ட்ல பூந்தொட்டியும், தோட்டத்துல வைக்கிற கொக்கு, காளான் பொம்மையும் செய்யிறோம். அந்தத் தொழிலைப் பத்தி எழுதுறேன்.

எங்க அம்மா 12 வருஷம் சித்தாள் வேலை பார்த்தாங்க. கலவை போடுறதும், அதைச் சட்டியில அள்ளித் தலைச்சுமையா மேலே ஏத்துறதும் அவங்க வேலை. கரண்டி பிடிச்சுப் பூசுறது கொத்தனார். எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் கரண்டி அம்மா கைக்கு வரவே இல்லை. போன வருஷம் இடுப்பு வலி அதிகமாகி, பாரம் சுமக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். "எனக்குத் தெரிஞ்சது சிமெண்ட் ஒண்ணுதான். அதை வச்சே பொழைப்போம் பாப்பா"ன்னு அம்மா சொன்னாங்க. மகளிர் குழுவில் 10,000 ரூபாய் கடன் வாங்கித் தொழிலை ஆரம்பிச்சோம்.

ஒரு பங்கு சிமெண்ட், மூணு பங்கு சலிச்ச மணல். பெரிய வாளியின் உள்பக்கமும் சின்ன வாளியின் வெளிப்பக்கமும் எண்ணெய் தடவணும். பெரிய வாளியின் அடியில் கலவை போட்டு, தண்ணி வடியிற ஓட்டைக்காக ஒரு துண்டு பப்பாளிக் காம்பை நட்டு வைப்போம். சின்ன வாளியை உள்ளே இறக்கி, இடைவெளியில் கோழிவலைக் கம்பியை வச்சுக் கலவையை இடிச்சு நிரப்பணும். மறுநாள் மெதுவாக் கழட்டணும். ஒரு தொட்டி ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். தூக்கி வைக்கிறது நானும் தம்பியும்தான். சிமெண்ட் கையை அரிக்கும். அதனால உறை போடாம அம்மா எங்களைத் தொட விடமாட்டாங்க.

அதுக்கப்புறம் ஏழு நாளைக்கு ஈரச் சாக்கு போட்டு மூடி, காலையிலும் சாயங்காலமும் தண்ணி விடணும். சிமெண்ட் வெயில்ல காய்ஞ்சு கெட்டியாகுதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. தண்ணியோட வேதிவினை நடந்துதான் அது இறுகுது. சீக்கிரம் காய்ஞ்சு போனா வெடிச்சிடும்.

அறிவியல் சார் ஒரு செய்தி சொன்னார். ஜோசப் மோனியர்னு பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரர் ஒருத்தர், சிமெண்டுக்குள்ள இரும்புக் கம்பி வச்சுச் செடித்தொட்டி செஞ்சு 1867-ல் காப்புரிமை வாங்கினாராம். 1875-ல் அதே முறையில் ஒரு பாலமே கட்டினாராம். இதை அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ நாம செய்யிறது சின்ன வேலை இல்லடி"ன்னு சிரிச்சாங்க.

செய்யிறதை விட விலை வைக்கிறதுதான் கஷ்டம். ஒரு மூட்டை சிமெண்ட்ல 12 தொட்டி வந்துச்சு. சிமெண்ட் 400, மணல் 180, கம்பி, பெயிண்ட் 140. மொத்தம் 720 ரூபாய். ஒரு தொட்டிக்கு 60 ரூபாய். அம்மா இத்தோட கணக்கை முடிச்சிட்டாங்க. "உங்க கூலி எங்கம்மா?"ன்னு கேட்டேன். "நம்ம வீட்டு வேலைக்கு என்னடி கூலி?"ன்னாங்க. நான் விடலை. ரெண்டு நாள் வேலை, சித்தாள் கூலி நாளுக்கு 600 ரூபாய்னு வச்சா 1,200. தொட்டிக்கு 100 ரூபாய். ஆக, அடக்கமே 160. உடைசலுக்கும் வண்டிக்கும் சேர்த்து 200 ரூபாய்னு நோட்டில் எழுதினேன்.

டவுன்லருந்து ஒருத்தர் வந்தார். "சிமெண்டும் மணலும்தானே, 100 ரூபாய்னா எட்டு எடுத்துக்கிறேன்"னார். தவணை நாள் பக்கத்துல வந்துடுச்சு. அம்மா என் முகத்தைப் பார்த்தாங்க. நான் நோட்டை நீட்டினேன். 100 ரூபாய்க்குக் குடுத்தா அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 240 ரூபாய்தான் நிக்கும். சட்டி சுமந்தப்போ வாங்கினதை விடக் கம்மி. "கட்டாதுங்கண்ணே"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. அவர் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்லை.

நாலு நாள் கழிச்சு ஒரு நர்சரிக்காரர் 190 ரூபாய் வீதம் ஆறு எடுத்தார். தவணை கட்டியாச்சு. ஒண்ணு கழட்டும்போது வெடிச்சுப் போச்சு. மீதி அஞ்சு இன்னும் வாசல்லதான் இருக்கு. ஆனா விலை கேட்டு வர்றவங்ககிட்ட அம்மா இப்போ தலை நிமிர்ந்து சொல்றாங்க, "என் கைவேலைக்கும் சேர்த்துதாங்க இந்த விலை."

கடைசியா ஒரு வேண்டுகோள். சண்டிகரில் நேக் சந்த் என்பவர், உடைஞ்ச வளையலையும் ஓட்டையும் சிமெண்ட்ல பதிச்சுப் பொம்மைகள் செஞ்சு, ஒரு பெரிய பாறைத் தோட்டமே அமைச்சார். அது மாதிரி ஒரு மயில் செய்ய நானும் அம்மாவும் நினைச்சிருக்கோம். உங்க வீட்ல உடைஞ்ச கண்ணாடி வளையல் இருந்தா குப்பையில் போடாம, கையைக் கிழிக்காத மாதிரி டப்பாவில் போட்டு என்கிட்ட குடுங்க. வளையலுக்குக் காசு கிடையாது! முதல் மயில் நம்ம பள்ளிக்கூடத் தோட்டத்துக்குத்தான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி