குறி தவறியது எங்கே?

அறுபத்திரண்டாவது வயதில் எனக்குக் குறி தவற ஆரம்பித்தது. திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், என்.சி.சி.யின் பாயின்ட் 22 ரைபிளால் 25 கஜத்தில் ஐந்து குண்டுகள் சுட்டு, ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிக் காட்டியவன் நான். அதன் பிறகு சித்தூரில் முப்பது ஆண்டுகள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுத்ததில் துப்பாக்கி மறந்தே போயிற்று. ஓய்வு பெற்றதும் பழைய ஆசை தலைதூக்கியது. சென்னையில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தேன். மாதம் இரண்டு ஞாயிறு, விடியற்காலை பஸ்.

கிளப்பில் எனக்குக் கிடைத்தது செக் நாட்டுத் தயாரிப்பான பழைய புர்னோ ரைபிள். 50 மீட்டர் தூரத்தில் அட்டை. அதில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான். பின்பக்கத் துளை, முன்பக்க வளையம், கறுப்பு வட்டம் மூன்றையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். எனக்கோ வளையமே பஞ்சு மாதிரி தெரிந்தது. துளைகள் அட்டை முழுவதும் சிதறின.

“டெலஸ்கோப் போட்டுக்குங்க மாஸ்டர். வயசுக்கு அதுதான் மருந்து” என்றார் கிளப் நண்பர். சர்வதேச 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை. 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இதே பாயின்ட் 22 ரகத் துப்பாக்கியால்தான். அவர் பார்த்ததும் துளை வழியாகத்தான். ஆனால் நான் எந்த ஒலிம்பிக்குக்குப் போகப் போகிறேன்? கிளப்பில் அனுமதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் இரண்டு மலிவு ரகங்கள் இருந்தன. ஒன்று 4×32. அதாவது நான்கு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 32 மி.மீ. மற்றது 3-9×40. மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை திருகிக்கொள்ளலாம், கண்ணாடியும் பெரிது. “பெரிய கண்ணாடி சார், வெளிச்சம் கொட்டும்” என்றார் கடைக்காரர். விலை வித்தியாசமும் அதிகமில்லை. பெரியதையே வாங்கிவந்தேன்.

மணல் மூட்டைமேல் ரைபிளை வைத்து ஒன்பது மடங்கில் பார்த்தேன். வட்டம் பெரிதாகத் தெரிந்தது. அதோடு என் கைநடுக்கமும் ஒன்பது மடங்கு தெரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். துப்பாக்கி அசையாமல் இருக்கும்போதே, தலையை லேசாக நகர்த்தினால் குறுக்குக்கோடு அட்டைமேல் நடமாடியது. முப்பது வருடம் கரும்பலகையில் நான் எழுதிய பாடம் அது: இடமாறு தோற்றப்பிழை. அளவுகோலைச் சாய்வாகப் பார்க்காதே என்று எத்தனை பிள்ளைகளைக் கடிந்திருப்பேன்!

பெரிய வேட்டைத் துப்பாக்கிகளுக்கான தொலைநோக்கிகளில் பொதுவாக 100 கஜத்தில் இந்தப் பிழை இல்லாதபடி கண்ணாடிகளை அமைத்திருப்பார்கள். பாயின்ட் 22க்கென்று செய்பவற்றில் 50 கஜம். வீட்டில் கணக்குப் போட்டேன். நான் வாங்கியதில் கண் விளிம்புக்கு நகர்ந்தால், 50 மீட்டரில் குறி சுமார் 9 மி.மீ. விலகும். பத்து வட்டத்தின் ஆரமே 5.2 மி.மீ.தான். சின்னதான 4×32ல் விலகல் ஒன்றரை மி.மீ.

இன்னொரு சோதனையும் செய்தேன். திருகை 20 சொடுக்கு வலது, 20 மேலே, 20 இடது, 20 கீழே என்று திருப்பி ஒவ்வொரு மூலையிலும் சுட்டால், கடைசிக் குண்டு முதல் துளைக்கே திரும்பிவர வேண்டும். என்னுடையது இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். கையிலிருந்து இன்னும் பணம் போட்டு 4×32ஐயும் வாங்கினேன். “நைனா, அந்தக் காசுக்குக் கண் டாக்டரைப் பாத்திருக்கலாம்” என்றாள் திருப்பதியிலிருக்கும் மகள். எனக்குக் கோபம் வந்தது.

4×32 ஒழுங்காக நடந்துகொண்டது. கோடு நடமாடவில்லை, திருகு சொன்னபடி கேட்டது. ஆனால் அட்டைமேல் அதே புகைமூட்டம். முன்கண்ணாடியின் அளவை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32ஐ 4ஆல் வகுத்தால் 8 மி.மீ. என் வயதில் கண்ணின் பாவை அந்த அளவுக்கு விரியவே விரியாது. அதாவது, கண் ஏற்கக்கூடிய வெளிச்சம் முழுவதையும் கருவி கொடுத்துவிட்டது. அப்படியானால் புகை எங்கே? அன்று அந்தக் கேள்வியை மேலே கேட்காமல் விட்டுவிட்டேன்.

பதில் திருப்பதியில் கிடைத்தது. ஒரு மாலை ஏழு மணிக்கு டியூஷனிலிருந்து பேத்தியை ஸ்கூட்டரில் அழைத்துவந்தேன். எதிரே வந்த லாரியின் விளக்கு வெள்ளைப் பூவாய் விரிந்து சாலையையே மறைத்தது. பிரேக் போட்டு நின்றேன். ஒரு முழம் முன்னால், தெரு நடுவில் மாடு படுத்திருந்தது. “ஏன் தாத்தா நின்னுட்டே?” என்றாள் பேத்தி. அவளுக்கு அந்த மாடு தெரு முனையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மறுநாள் மகள் பேச்சுக்கு மறுபேச்சு பேசாமல் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனேன். 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது இன்று திருப்பதிவரை வந்திருக்கிறது. வலது கண்ணில் புரை, நன்றாக முற்றியிருக்கிறது என்றார்கள். குறி பார்க்கிற கண். மங்கிய இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். நான் இரண்டு தொலைநோக்கிகளைச் சோதித்த கவனத்தில் பாதியை என் கண்மேல் வைத்திருந்தால், ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்கும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சுவர்க் காலண்டரைப் பார்த்தாலே போதும். சுட்டுப் பார்க்கும்போது இடது கண்ணை எப்போதும் மூடியே வைத்திருந்ததால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியவே இல்லை.

மலிவு விலையில் தொலைநோக்கி வாங்க நினைப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பாயின்ட் 22க்கென்றே செய்த, மடங்கு மாறாத சின்ன ரகம் போதும். பெட்டியில் அச்சடித்த பெரிய எண்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவரானால், கடைக்குப் போகும் வழியில் கண் டாக்டரிடம் இறங்கிவிட்டுப் போங்கள்.

டாக்டர் அனுமதித்த பிறகு மீண்டும் கிளப்புக்குப் போனேன். தொலைநோக்கியைக் கழற்றிவிட்டுப் பழைய துளை வழியாகவே பார்த்தேன். முன்வளையம் இன்னும் முழுத் தெளிவில்லை. ஆனால் அதற்கப்பால் கறுப்பு வட்டம் மை காயாத எழுத்துப் போல் பளிச்சென்று இருந்தது. ஐந்து குண்டுகள். ஒரு ரூபாய் நாணயம் போதவில்லை; டீ டம்ளரின் வாயால் மூடினேன். நண்பர் சிரித்தார். எனக்கு அது போதும். இப்போதெல்லாம் இருட்டிய பிறகு பேத்தியை அழைத்துவர மகளே ஸ்கூட்டரைக் கொடுக்கிறாள்.