தரைக்கு ஒரு சட்டை

மேல்நாட்டாருக்குத் தரை என்பது பெரும்பாலும் நடப்பதற்கு மட்டுமே ஏற்பட்டது. உட்கார நாற்காலி, உண்ண மேஜை, உறங்கக் கட்டில் என்று தரைக்கு இரண்டடி மேலேயே அவர்கள் வாழ்க்கையை நடத்திவிடுகிறார்கள். நமக்கோ அப்படியன்று. இலை போடுவது தரையில்; குழந்தை தவழ்வது தரையில்; கறிகாய் நறுக்குவது தரையில். சித்திரை மாதத்து மத்தியானத்தில் பாயையும் ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் முதுகைச் சாய்ப்பதில் உள்ள சுகத்தை அநுபவித்தவர்களே அறிவார்கள். ஆகையால், புதிதாக ஒரு தரை வந்திருக்கிறது என்று எவரேனும் சொன்னால், கண்ணால் மாத்திரம் பார்த்து அதை நாம் தீர்மானித்துவிடக் கூடாது. காலையும் முதுகையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வினைல் விரிப்பைப் பற்றித்தான் சொல்ல வருகிறோம். தண்ணீர்க் குழாய்கள் செய்யும் அதே பி.வி.சி.தான் இது, மென்மையாகும்படி சில திரவங்களைச் சேர்த்துத் தகடாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வால்டோ ஸீமான் என்னும் ரசாயன நிபுணர் 1926-ஆம் ஆண்டில் அந்த விறைத்த வஸ்துவை ரப்பரைப் போல வளையச் செய்யும் வழியைக் கண்டார். 1933-இல் சிக்காகோ பொருட்காட்சியில் வினைல் தரை ஜனங்களுக்குக் காட்டப்பட்டது. அதற்கு முன்னால் அந்த ஸ்தானத்தில் இருந்தது லினோலியம். ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் குழைத்துச் சணல் துணியின்மேல் பூசி, 1860-களில் பிரெடரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர் அதைச் செய்தார். பெயரும் புகழும் சீமைக்கு. சணல் விளைந்தது என்னவோ வங்காளத்தில்!

நாம் இந்தச் சரக்கைத் தேடிப் போனதற்குக் காரணம் நாகரிக மோகம் அன்று. நாம் குடியிருப்பது சென்னையில் ஒரு மூன்றாவது மாடி வீடு. முகம் தெரியும்படி பளபளக்கும் டைல்கள். வருகிறவர்கள் எல்லாரும் தரையைப் புகழ்வார்கள். ஆனால் அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. காலுக்கும் பிடிப்பு இராது. 82 வயதான நம் தாயார் ஒரு நாள் காலையில் காபி டம்ளரோடு சறுக்கி விழுந்தார். தெய்வாதீனமாக இடுப்புக்கு ஒன்றும் இல்லை, மணிக்கட்டோடு போயிற்று. ஆறு வாரம் கட்டு. கட்டு அவிழ்ந்த பிற்பாடும் பயம் அவிழவில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரச் சுவரைத் தடவித் தடவி நடந்தார். சுமார் நாற்பது வருஷ காலம் வீடு முழுவதும் தாமே மெழுகித் துடைத்த ஸ்திரீ, தரையைக் கண்டு அஞ்சுகிற காட்சியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

டைலைப் பெயர்த்து வேறு போடலாம் என்றால், வீடு நம்முடையதன்று. வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் உளியின் பெயரைச் சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். வினைலின் முதல் உபகாரம் இங்கேதான். பழைய தரையின்மேலேயே விரித்துவிடலாம். டைல்களின் இடுக்குகளைப் பசையிட்டு நிரப்பிச் சமம் செய்தார்கள்; சொரசொரப்பான மேற்பரப்புள்ள இரண்டு மில்லிமீட்டர் விரிப்பு ஒன்றைக் கத்தியால் அளவு வெட்டிப் பரப்பினார்கள். ஒரே பகலில் வேலை தீர்ந்தது.

தாயார் காலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "ஏண்டாப்பா, இது தரையா, மேஜைத் துணியா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மறு வாரமே சுவரை விட்டுவிட்டு நடக்கலானார்.

மார்கழி விடியற்காலையில் அதன் அருமை இன்னும் விளங்கியது. டைலும் வினைலும் ஒரே அறையில் ஒரே உஷ்ண நிலையில்தான் இருக்கின்றன. எனினும் டைல் பாதத்தின் சூட்டை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. வினைல் மெள்ள மெள்ளத்தான் வாங்கிக்கொள்கிறது. மூட்டு வலிக்காரர்களுக்கு இது பெரிய சமாசாரம். நம் வீட்டுப் பேரப்பிள்ளை டம்ளரைப் போட்டால் எழும் ஓசையும் பாதியாயிற்று. கீழ் வீட்டார் இப்போது படியில் கண்டால் சிரிக்கிறார்கள்.

இனிக் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வியாபாரி சொல்ல மாட்டார். இந்த விரிப்புக்கு அக்கினி பகவான் ஜன்ம சத்துரு. கற்பூரத் துளி விழுந்தால் வடு. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை வைத்தால் வட்டமாக முத்திரை. ஆகவே பூஜை அறையில் நாம் விரிக்கவே இல்லை. அரிவாள்மணைக்குக் கீழே ஒரு பலகை போட வேண்டும். இரும்பு பீரோவின் கால்கள் குழி பறிக்கும். ஜன்னல் வெயில் நேரே படும் இடத்தில் நாளடைவில் நிறம் மங்கும். ஓரத்தின் வழியாக அடியில் தண்ணீர் புகுந்துவிட்டாலோ வெளியேற வழியில்லை. பூஞ்சை பிடித்து நாறும். ஈரம் கசிகிற தரைமீது விரிக்கவே கூடாது. சோப்பு நுரை விழுந்தால் இதுவும் வழுக்கத்தான் செய்யும்; விழுந்தால் எலும்பு முறியாது என்றும் நாம் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

மற்றொன்று, புது விரிப்பின் வாடை. முதல் சில நாட்கள் ஜன்னல்களைத் திறந்தே வைத்தோம். மென்மைக்காகச் சேர்க்கும் தாலேட் என்னும் பொருள்களில் சிலவற்றைக் குழந்தைகளின் பொம்மைகளில் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் தற்காலிகமாகவும் 2005-இல் நிரந்தரமாகவும் தடுத்தது. தவழும் குழந்தை உள்ள வீட்டார், தாலேட் கலவாத சரக்குதானா என்று கேட்டு வாங்குவது உத்தமம்.

சொந்த வீடு கட்டுகிறவர்கள் நம்மைப் பின்பற்ற வேண்டியதில்லை. செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிப் பூவும் கொடியுமாகக் கல் செய்கிறார்கள். சூளையே வேண்டாம், தண்ணீரில் ஊறியே இறுகுகிறது. கண்ணாடியின் வழவழப்புக் கல்லிலும் வந்துவிடுகிறது. நடக்க நடக்க அதன் மெருகு ஏறும். வினைலுக்கோ நாளாக நாளாக இறங்கும். பம்பாயில் 1922-லேயே சுதேசி உணர்ச்சியோடு சிமெண்டுக் கல் தொழிற்சாலை ஒன்று தொடங்கினார்கள். அத்தகைய தரை தலைமுறைக்கும் நிற்கும். வாடகை வீட்டுக்காரன் தலைமுறைக் கணக்குப் போட முடியுமா? பதினோரு மாதக் கணக்குத்தான் அவன் கணக்கு.

கூடத்தில் ஜன்னலோரமாக ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு மட்டும் விரிப்புப் போட வேண்டாம் என்று தாயார் சொல்லிவிட்டார். வெட்ட வந்தவருக்கு அது பிடிக்கவில்லை. அறை அழகு கெடுகிறது என்றார். சித்திரை வந்தால் எங்கே படுப்பது என்று தாயார் திருப்பிக் கேட்டார். அந்த இடம் இன்றும் வெறும் டைலாகவே இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.